நாணயத்தை எடை போட்ட நாராயணன் வகுல்

(விருதுநகரில் வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

ஒரு பேங்க்காரரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, வட்டித் தொழில் பார்த்தவரைப் பற்றியா நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லப் போறீங்க?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். முதலில் அவர் யார் என்று கேளுங்கள்.

2024ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் சென்னையில் ஒரு தமிழர் காலமானார். வயது 88. பெயர் நாராயணன் வகுல். ஒரு நடிகர் பெயரைச் சொன்னால் இந்த மண்டபமே கை தூக்கும். வகுல் பெயரைச் சொன்னால் எத்தனை கை உயரும்? இரண்டோ மூன்றோ. ஆனால் இன்று இந்தியாவில் ஒரு கம்பெனி மக்களிடமிருந்து முதல் திரட்டுகிறது என்றால், அந்த வழியில் எங்கோ ஓரிடத்தில் இவர் போட்ட பாதை இருக்கிறது.

வயது போதாத இளைஞர்

வகுல் 1936இல் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் படிப்பை முடித்தபோது தேர்வு எழுத வயது போதவில்லை. அதனால் ஸ்டேட் பேங்கில் அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தப் பாதையிலேயே வாழ்க்கை போய்விட்டது. நினைத்தது கிடைக்கவில்லை என்று வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வங்கி அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய நிறுவனத்தில் ஆசிரியராக இருந்தார். பிறகு அதற்கே இயக்குநர் ஆனார். 1981இல் பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானார். அப்போது வயது 44. பொதுத்துறை வங்கியொன்றின் தலைமைக்கு அத்தனை இளம் வயதில் அதுவரை யாரும் வந்ததில்லை. 1985இல் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அங்கே 1996 வரை நிர்வாகத் தலைவர். அதன் பிறகு 2009 வரை வாரியத் தலைவர். மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

ஐ.சி.ஐ.சி.ஐ. என்றதும் தெருமுனை ஏ.டி.எம். உங்கள் நினைவுக்கு வரும். அன்றைக்கு அது வேறு. உலக வங்கியின் துணையோடு 1955இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் முதல் தலைவரும் ஒரு தமிழர்தான்: சர் ஆற்காடு இராமசாமி முதலியார். ஆலைகளுக்கு நீண்டகாலக் கடன் கொடுப்பதுதான் அதன் வேலை. அதை முதலீட்டு வங்கித் தொழிலில் ஊன்ற வைத்தவர் வகுல். 1993இல் அமெரிக்காவின் ஜே.பி. மார்கனோடு சேர்ந்து ஐ.சி.ஐ.சி.ஐ. செக்யூரிட்டீஸ் நிறுவப்பட்டதும் அவருடைய காலத்தில்தான்.

முதலீட்டு வங்கி என்றால் என்ன?

ஒருவரிடம் பணம் இருக்கிறது, தொழில் தெரியாது. இன்னொருவரிடம் தொழில் இருக்கிறது, முதல் இல்லை. இருவரையும் சேர்த்து வைப்பதுதான் முதலீட்டு வங்கியின் வேலை. இந்தத் தொழிலின் உண்மையான மதிப்பு என்ன, எவ்வளவு முதல் வேண்டும், நட்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்குவது என்று கணக்குப் பார்த்து, பங்குகளாகப் பிரித்து, வாங்குவோரிடம் கொண்டு சேர்ப்பார்கள். கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான். நல்ல தரகர் இரண்டு வீட்டுக் குறைகளையும் மறைக்காமல் சொல்வார். கெட்ட தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு காணாமல் போய்விடுவார். வகுல் நல்ல தரகர். அதனால்தான் அரசாங்கமும் அவரை நம்பியது; தொழிலதிபரும் நம்பினார்.

அவர் செய்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

கார் ஷெட்டில் தொடங்கிய கம்பெனி

1978. பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட். கையில் 10,000 ரூபாய் முதல். கிரண் மஜும்தார் என்ற 25 வயதுப் பெண் பயோகான் என்ற கம்பெனியைத் தொடங்குகிறார். என்சைம் தயாரிக்கும் தொழில். பேங்குகள் கடன் தரத் தயங்கின. பெண் என்றார்கள். வயது போதாது என்றார்கள். இப்படி ஒரு தொழிலைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். 1987இல் அந்தப் பெண்ணின் புதிய தொழில்நுட்பத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் முதலீடு கிடைக்கத் துணை நின்றவர் வகுல். 2004இல் பயோகான் பங்குச் சந்தைக்கு வந்தபோது, முதல் நாளிலேயே அதன் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

1988இல் யூனிட் டிரஸ்ட்டோடு சேர்ந்து டி.டி.ஐ.சி.ஐ. என்ற நிறுவனத்தை ஐ.சி.ஐ.சி.ஐ. தொடங்கியது. புதிய தொழில்களில் துணிந்து முதல் போடுவதற்கென்றே வந்தது அது. வென்ச்சர் கேப்பிட்டல் என்ற சொல்லே இங்கே புதிதாக இருந்த காலம். அந்த நாட்களில் இத்தகைய நிறுவனங்களிடம் 'நிபந்தனைக் கடன்' என்று ஒரு முறை இருந்தது. வாங்கியவர் வட்டி கட்ட வேண்டியதில்லை. பொருள் விற்கத் தொடங்கிய பிறகு, விற்பனையில் இத்தனை சதவீதம் என்று கொடுத்தால் போதும். தொழில் எழவில்லை என்றால் முதல் போட்டவருக்கும் நட்டம். இந்த முறையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இதற்கு வருவேன்.

முகத்தைப் பார்க்காமல் கணக்கைப் பார்

இரண்டாவது, கிரிசில். 1987இல் தொடங்கப்பட்ட இந்தியாவின் முதல் தர மதிப்பீட்டு நிறுவனம். அதற்கு முன் ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுப்பது எப்படி? யார் மகன், எந்தக் குடும்பம், யாருடைய சிபாரிசு என்று பார்த்தார்கள். அந்த வழக்கத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் பணம் கிடைத்தது. திறமை இருந்தும் பெயர் இல்லாதவனுக்குக் கதவு திறக்கவில்லை. கிரிசில் கம்பெனியின் கணக்கை வாங்கிப் பார்த்தது. கடனை ஒழுங்காகத் திருப்பித் தரும் வலு இருக்கிறதா என்று ஆராய்ந்தது. டிரிபிள் ஏ முதல் டி வரை குறியீடு கொடுத்து, அதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது.

நாணயம் என்ற சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு. மற்றொன்று நேர்மை. இரண்டாவது நாணயம் இருக்கிறவனிடம்தான் முதல் நாணயம் போய்ச் சேர வேண்டும் என்பது நம் பெரியவர்களின் வியாபார நீதி. வகுல் அதைத் தராசில் வைத்தார்.

தராசும் தவறு செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு வரை வேறு சில மதிப்பீட்டு நிறுவனங்கள் அதற்கு மிக உயர்ந்த குறியீடு கொடுத்திருந்தன. ஆகவே குறியீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஆனால் தராசு ஒருமுறை பிசகியது என்பதற்காகக் கண்ணளவில் வியாபாரம் செய்வோமா?

ஆள் வளர்த்தவர்

மூன்றாவது, மனிதர்கள். தனக்குப் பிறகு நடத்த ஆளில்லாமல் போகும் கடைகளை நம் பஜாரில் எத்தனை பார்க்கிறோம்! வகுல் அப்படி விடவில்லை. ஐ.சி.ஐ.சி.ஐ.யை வழிநடத்த கே.வி. காமத்தைக் கொண்டுவந்தார். பின்னாளில் பிரிக்ஸ் நாடுகள் சேர்ந்து தொடங்கிய வங்கியின் முதல் தலைவர் ஆனவர் அந்தக் காமத். உயர் பொறுப்புகளில் பெண்களைப் பார்ப்பதே அரிதாக இருந்த நாளில் லலிதா குப்தே, கல்பனா மோர்பாரியா போன்றோரைத் திறமை பார்த்து மேலே வரவிட்டார். அவரிடம் வேலை கற்றவர்கள் நாட்டின் பல வங்கிகளுக்குத் தலைவர்களாகப் போனார்கள்.

நம் மண்ணில் நடந்தது

'இதெல்லாம் பம்பாய்க் கதை, நமக்கென்ன?' என்று கேட்பீர்கள். இந்த விருதுநகர் மண்ணிலேயே இதே பாடம் இருக்கிறது.

நாடார் சமுதாயத்தின் வரலாற்றைப் பாருங்கள். கோயிலுக்குள் நுழையும் உரிமைகூட மறுக்கப்பட்டிருந்த மக்கள். 1899இல் சிவகாசியில் நடந்த கலவரத்தில் வீடுகளை இழந்த மக்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? கடையில் ஏறி இறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தார்கள். அந்தக் காசு உறவின்முறையின் பொதுக் கணக்கில் சேர்ந்தது. அதில் எழுந்ததுதான் இந்த ஊரின் க்ஷத்திரிய வித்யாசாலா. காமராசர் படித்த பள்ளி. ஒரு கைப்பிடி அரிசி சின்னது. ஆனால் அதற்குக் கணக்கு இருந்தது. கணக்கைக் கேட்க ஊர் இருந்தது.

1920இல் தூத்துக்குடியில் அவர்களுடைய மகாஜன சங்கம் கூடி, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முடிவெடுத்தது. மறு ஆண்டே, 1921 மே 11இல் நாடார் வங்கி பதிவானது. நவம்பர் 11இல் கதவு திறந்தது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. இன்று எல்லாச் சமுதாயத்தாரும் அதில் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1990களில் அதன் பெரும்பகுதிப் பங்குகள் வெளியார் கைக்குப் போனபோது, அந்தச் சமுதாயம் கூட்டம் போட்டு, பணம் திரட்டி, பங்குகளை மீட்கப் பல ஆண்டுகள் போராடியது. 2022 செப்டம்பரில் அந்த வங்கி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

சிவகாசியைப் பாருங்கள். அய்யநாடாரும் சண்முகநாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போனது தீப்பெட்டித் தொழிலைக் கற்க. சில மாதங்கள் அங்கே தங்கி வேலையைக் கற்று, ஊர் திரும்பித் தொடங்கினார்கள். தீப்பெட்டியிலிருந்து அதன் லேபிள் அச்சு, அச்சிலிருந்து காலண்டர், பக்கத்திலேயே பட்டாசு என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. மழை பொய்த்த கரிசல் காட்டில் தண்ணீர் இல்லை. ஆனால் வாக்கு இருந்தது. ஒருவருக்கொருவர் முதல் கொடுத்து உதவும் வழக்கம் இருந்தது.

நம் நிலை என்ன?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்று ஒரு நிறுவனம். 'ஹலால் முதலீடு, மாதாமாதம் லாபப் பங்கு' என்றார்கள். நம் சமுதாயத்து விதவைகள், ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவில் உழைத்த பிள்ளைகள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2019 ஜூனில் அதன் உரிமையாளர் நாட்டை விட்டே ஓடினார். ஜூலையில் டெல்லியில் கைதானார். ஏறக்குறைய 4,000 கோடி ரூபாய் மோசடி என்று பேசப்பட்டது. புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் பல்லாயிரம் பேர். மகள் கல்யாணத்துக்கென்று பத்து வருடம் சேர்த்த நகையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்!

ஏன் ஏமாந்தோம்? முகத்தைப் பார்த்தோம், கணக்கைப் பார்க்கவில்லை. தாடியைப் பார்த்தோம், தணிக்கை அறிக்கையைப் பார்க்கவில்லை. உண்மையான வியாபாரத்தில் ஒரு மாதம் லாபம் வரும், ஒரு மாதம் கையைக் கடிக்கும். வருடம் முழுதும் ஒரே அளவு 'லாபம்' தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது வியாபாரமே இல்லை என்று இந்த விருதுநகர் மார்க்கெட்டில் மிளகாய் வற்றல் வியாபாரம் பார்க்கும் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமே! நமக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது?

இன்னொரு பக்கம், நம் கடைக்காரர்கள். எனக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் இருபது வருடமாகக் கடை நடத்துகிறார். நல்ல ஓட்டம். கடையை விரிவாக்கப் பங்குதாரர் ஒருவர் முன்வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "போன வருஷம் உங்களுக்கு நிகர லாபம் எவ்வளவு?" இவரால் சொல்ல முடியவில்லை. கல்லாவில் வந்த பணத்திலேயே வீட்டுச் செலவு, அதிலேயே சரக்கு, அதிலேயே மச்சானுக்குக் கைமாத்து. வந்த பங்குதாரர் எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் இவர் போய் நின்றது மீட்டர் வட்டிக்காரன் வாசலில்! வட்டியை வெறுக்கும் சமுதாயம் கணக்கு எழுதாத காரணத்தால் கொடிய வட்டியில் போய் விழுகிறது. இதைவிட வேதனை உண்டா?

பெரியவரின் கேள்விக்குப் பதில்

இப்போது முன்வரிசைப் பெரியவருக்கு வருகிறேன். வட்டி கூடாது என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. வகுல் நடத்தியது வட்டிக்குக் கடன் கொடுத்த நிறுவனம்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் சொன்ன மூன்றையும் திரும்ப எண்ணிப் பாருங்கள். திறமையை நம்பி லாப நட்டத்தில் பங்கு போடுவது, நாணயத்தைக் கணக்கில் அளப்பது, அடுத்த தலைமுறையை வளர்ப்பது. இதில் எதற்கு வட்டி வேண்டும்? வட்டியில்லாமல் விற்பனையில் பங்கு வாங்கிய அந்த நிபந்தனைக் கடனை நினைவில் வைக்கச் சொன்னேனே! ஒருவர் முதல், இன்னொருவர் உழைப்பு என்று சேர்ந்து லாபத்தைப் பங்கிடும் முழாரபா நம் மார்க்க நூல்களில் எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது? நாம் நூலில் வைத்திருந்ததை அவர்கள் பேரேட்டில் எழுதிவிட்டார்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சியோடு எழுதி வைப்பதைப் பற்றியது! எழுதச் சொன்ன மார்க்கத்தில் பிறந்த நாம், 'நமக்குள்ள என்னங்க எழுத்து' என்கிறோம்.

இது முடியாத காரியமும் அல்ல. எகிப்தின் மித் கம்ர் என்ற சிற்றூரில் 1963இல் அஹ்மத் அந்நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். ஜெர்மனியின் சேமிப்பு வங்கிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். பேங்க் பக்கமே போகாத விவசாயிகள் அதில் காசு சேர்த்தார்கள். அதே காலத்தில் மலேசியாவில் ஹஜ்ஜுக்குச் சேமிக்கும் நிதியம் எழுந்தது. இன்று அது தபுங் ஹாஜி என்ற பெரும் முதலீட்டு நிறுவனம். நம் நாட்டில் 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கி முறைக்கு இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் 2017இல் ரிசர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. அந்தக் கதவு திறக்கவில்லை. பங்காளித் தொழிலின் கதவும் பங்கு முதலீட்டின் கதவும் திறந்தே இருக்கின்றன.

என்ன செய்யப் போகிறோம்?

வணிகர்களே! கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் இன்றிலிருந்தே பிரியுங்கள். ஆண்டுதோறும் தகுதி பெற்ற கணக்காளரிடம் கணக்கைக் கொடுங்கள். உங்கள் கணக்குப் புத்தகம்தான் உங்களுக்குக் கிரிசில். அண்ணன் தம்பியோடு சேர்ந்து தொழில் செய்தாலும் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். லாபம் எப்படி, நட்டம் எப்படி, விலகினால் எப்படி என்று முன்கூட்டியே எழுதினால் உறவு காப்பாற்றப்படும்.

பணம் போடுகிறவர்களே! மூன்று கேள்வி கேளுங்கள். யாரிடம் பதிவு செய்திருக்கிறாய்? யார் தணிக்கை செய்கிறார்? பணம் எந்தத் தொழிலில் வேலை செய்கிறது? பதில் சொல்லத் தயங்கினால், அவர் நம் ஜமாஅத்தாராக இருந்தாலும் வணக்கமாக விடை கொடுத்து அனுப்பிவிடுங்கள். பொதுமக்களிடம் அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதைத் தடை செய்து 2019இல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. நம் மாநிலத்தில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

சிவகாசிப் பகுதிச் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. பட்டாசு வருடம் முழுக்கத் தயாராகிறது, பணமோ தீபாவளியை ஒட்டித்தான் திரும்புகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஒரே கூடையில் முதல் முழுவதையும் வைத்தவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரியது உயிர். உள்குத்தகைக்கு எடுத்து, அறையில் அளவுக்கு மீறி ஆட்களை உட்கார வைத்து, அவசரமாகச் சரக்கு எடுக்கும் ஆலைக்கு முதல் கொடுத்து லாபம் வாங்காதீர்கள். அங்கே வெடி வெடித்துச் சாகிறவர் ஏழை வீட்டுத் தாய். எவ்வளவு வரும் என்று கேட்கும்போதே எப்படி வரும் என்றும் கேளுங்கள்.

இளைஞர்களே! பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் எடுத்தவன் மட்டம் என்ற எண்ணத்தை விடுங்கள். சி.ஏ. படியுங்கள். கம்பெனி செக்ரட்டரி படியுங்கள். பங்குச் சந்தையில் குதித்து ஒரே நாளில் பணக்காரனாகப் பார்க்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஐந்தொகையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஊருக்கு இரண்டு பேர் கணக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், அடுத்த ஐ.எம்.ஏ. அந்த ஊருக்குள் நுழைய முடியாது. பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்து, ஊர்க் கடைக்காரர் ஐந்து பேருக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுங்கள். அதுவும் சமுதாயப் பணிதான்.

வகுல் தனக்கென்று பெரிய ஆலை எதையும் கட்டவில்லை. மற்றவர்கள் கட்டுவதற்கு வழி செய்தார். அவர் விட்டுப்போனவை நிறுவனங்களும், ஆளாக்கிய மனிதர்களும். நாம் எதை விட்டுப்போகப் போகிறோம்? கணக்கில்லாத ஒரு கடையையும், அதைப் பிரிக்கச் சண்டை போடும் பிள்ளைகளையுமா?

இந்த மண்டபத்தை விட்டு வெளியே போனதும் நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று எழுதத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் நாம் கூடும்போது, இன்ஷா அல்லாஹ், அந்த நோட்டோடு வாருங்கள். முன்வரிசைப் பெரியவரும் தன் கடை நோட்டைக் கொண்டுவருவதாகத் தலையாட்டுகிறார். எனக்கு அது போதும்.

வஸ்ஸலாம்.